கொய்யா இலைத் தண்ணீரும் அப்பச்சியின் சுகர் மாத்திரையும்: நம் பக்கத்தில் எதற்குத்தான் கொடுத்தார்கள்?

பள்ளத்தூர்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) எழுபது தாண்டிவிட்டது, சுகர் வந்து ரொம்ப வருஷம். மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். பள்ளத்தூர் வீட்டில் அவரும் ஆத்தாவும் மட்டும்தான், நான் சென்னையில். பின்கட்டில் கிணற்றடியை ஒட்டி ஒரு கொய்யா மரம் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, "இனிமேல் கொய்யா இலைத் தண்ணீர்தான், மாத்திரையை நிறுத்தப் போகிறேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறார். பதினெட்டுச் சித்தர்களும் கொய்யாவைப் பாடியிருப்பதாக அந்தச் செய்தியில் வேறு போட்டிருக்கிறது.

நான் சொன்னால் "உனக்கு என்ன தெரியும்" என்பார். அதனால் இங்கே கேட்கிறேன். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் கொய்யாவை எதற்கெல்லாம் மருந்தாகக் கொடுத்தார்கள்? சுகருக்குக் கொடுத்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

---

கானாடுகாத்தான்_ஆச்சி

தம்பி, முதலில் அவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

எங்கள் வீட்டில் கொய்யா இலை என்றால் வயிற்றுப்போக்குக்குத்தான். கல்யாணம், படைப்பு என்று சாப்பாடு கனமாகப் போன மறுநாள் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அப்பத்தா உடனே ஆளை அனுப்பிக் கொழுந்து பறிக்கச் சொல்வார்கள். முற்றின இலை கூடாது, பூச்சி ஓட்டை போட்டதும் கூடாது. நுனியில் இளம்பச்சையாக, லேசாகச் செம்மை ஓடியிருக்கும் பாருங்கள், அதுதான் வேண்டும். ஒரு கைப்பிடியை நன்றாக அலசி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டுவார்கள். தண்ணீர் தேயிலைச் சாயம் போல ஆகிவிடும். வாயில் வைத்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும், அப்படி ஒரு துவர்ப்பு. வெல்லம் கேட்டால் கிடைக்காது, ஒரு கல் உப்பு மட்டும் போடுவார்கள்.

கூடவே நொய்க் கஞ்சி. கஞ்சி இல்லாமல் கஷாயம் மட்டும் கொடுத்ததே இல்லை. இந்தக் காலத்தில் சொல்பவர்கள் கஷாயத்தைச் சொல்கிறார்கள், கஞ்சியை விட்டுவிடுகிறார்கள்.

பல்வலி, ஈறு வீக்கம், வாய்ப்புண் வந்தாலும் இலைதான். கொழுந்தை உப்போடு மென்று துப்ப வேண்டும், அல்லது கொதிக்க வைத்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். மலச்சிக்கல் என்றால் நன்றாகப் பழுத்த பழம். பேதி என்றால் காய். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கொய்யா வைத்தியம். சுகருக்கு என்று எங்கள் வளவில் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதற்கு வெந்தயமும் பாகற்காயும் நாவல் கொட்டைப் பொடியும்தான் சொல்வார்கள்.

---

செக்காலை_மருந்துக்கடை

ஆச்சி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மருந்தாளுநராக ஒன்று மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பச்சி சாப்பிடுவதில் கிளிமிப்ரைடு இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் திடீரென்று ரொம்பக் கீழே போவது அபூர்வம். கிளிமிப்ரைடு அப்படி இல்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, சுகரைக் குறைக்கும் வேறு எதையாவது அளவில்லாமல் குடித்தால் தாழ்சர்க்கரை வந்துவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், தலை சுற்றும். வயதானவர்கள் கீழே விழுவதும் உண்டு. வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள் என்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

நிறுத்தினாலோ வேறு ஆபத்து. நாலைந்து நாள் ஒன்றும் தெரியாது. "பார்த்தாயா, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பார். சுகர் ஏறுவது உடம்புக்கு உடனே தெரியாது.

இலையைப் பற்றிய ஆய்வு விவரங்களை கடை மூடிய பிறகு எழுதுகிறேன்.

---

கேள்வி_கேட்பவன்

சித்தர்கள் விஷயத்துக்கு வருவோம். கொய்யா நம் ஊர் மரமே இல்லை. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி. கொலம்பஸ் 1492-ல் கடல் தாண்டிய பிறகுதான் அந்தப் பக்கத்துச் செடிகொடிகள் வெளியுலகுக்கே வந்தன. போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த பட்டியலில் கொய்யா, பப்பாளி, முந்திரி, அன்னாசி எல்லாம் இருக்கின்றன. அதற்கு முந்தைய சித்தர் ஒருவர் கொய்யாவைப் பாடியிருக்க வேண்டுமென்றால் அவருக்கு அட்டமாசித்தியோடு ஒரு கப்பலும் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் செய்தியில் பாடல் வரி ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருக்காது.

---

ஊரணிக்கரை

இதுதான் எனக்குப் பிடிக்காதது. வெளியூர் மரம் என்றால் உடனே பாட்டி வைத்தியம் பொய்யா? ஆச்சி கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். நீங்கள் கொலம்பஸைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்.

---

கேள்வி_கேட்பவன்

ஊரணிக்கரை அண்ணே, கோபம் வேண்டாம். ஆச்சி சொன்னதை நான் மறுக்கவே இல்லை, சித்தர் பெயரில் ஓடும் புளுகைத்தான் சொன்னேன். மிளகாயும் அதே கப்பல் வழியாக வந்ததுதான். அதற்கு முன்னால் நம் ஆட்களுக்குக் காரம் என்றால் மிளகு. அதற்காக இன்றைக்குச் செட்டிநாட்டுச் சமையலிலிருந்து மிளகாயை எடுத்துவிட முடியுமா? இருநூறு முந்நூறு வருஷம் ஒரு வீட்டில் புழங்கினால் அது அந்த வீட்டுப் பொருள்தான். அதைப் பெருமையாகச் சொல்லலாம், பழமையை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறு. கொய்யா வருவதற்கு முன்னாலேயே நம் வைத்தியத்தில் பேதிக்குத் துவர்ப்பான பொருள்தான் கொடுத்தார்கள். மாதுளை ஓடு, கடுக்காய், வில்வப் பிஞ்சு, நாவல் பட்டை. துவர்ப்பு வயிற்றைக் கட்டும் என்பது பழைய கணக்கு. நாவலும் கொய்யாவும் ஒரே தாவரக் குடும்பம். கிராம்பும் யூகலிப்டஸும்கூட அதில்தான் வருகின்றன. புதிதாக வந்த மரத்தின் இலையை யாரோ மென்று பார்த்து, நாவல் பட்டை மாதிரியே இழுக்கிறதே என்று அந்த வரிசையில் சேர்த்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் மெக்சிகோ கிராமங்களிலும் கொய்யா இலையைப் பேதிக்குத்தான் கொடுக்கிறார்கள்.

---

ஊரணிக்கரை

சரி, இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்.

---

ஈப்போ_அண்ணன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஐயா தேவகோட்டையிலிருந்து இங்கே வந்தவர். இங்கே கொய்யா என்றால் கைக்கு அடங்காத பெரிய காய். கொட்டையைக் குடைந்தெடுத்துவிட்டு, அசாம் பொய் (asam boi) என்கிற புளிப்புத் தூளைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். நம் ஊரில் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொள்கிற மாதிரி.

இங்கே டெங்கு பரவும் காலத்தில் சிவப்புக் கொய்யாச் சாறுக்குத் தனி மவுசு. தட்டணு (பிளேட்லெட்) ஏறும் என்று ஆஸ்பத்திரி வாசலுக்கே பாட்டில் பாட்டிலாகக் கொண்டுபோவார்கள். அதைக் குடித்துத்தான் ஏறியதா, காய்ச்சல் தணியும் கட்டத்தில் தானாக ஏறியதா என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் பப்பாளி இலைக்கு நடக்கிற அதே கூத்துதான். தாகத்துக்குச் சாறு குடிப்பதில் தப்பில்லை, அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

---

செக்காலை_மருந்துக்கடை

சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் வயிற்றுப்போக்கு. கொய்யா இலையில் டானின் என்ற துவர்ப்புச் சத்தும், குவர்செட்டின் வகைப் பொருட்களும் இருக்கின்றன. மெக்சிகோவில் இலையிலிருந்து எடுத்த மருந்தை, குவர்செட்டின் அளவை நிர்ணயித்து, காப்ஸ்யூல் வடிவில் செய்து, வயிற்றுப்போக்கு வந்த பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில் வயிற்றைப் பிசைகிற வலி சீக்கிரம் அடங்கியது. மும்பையில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில் இன்னொரு விஷயம் தெரிந்தது. கஷாயம் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடவில்லை. கிருமி குடல் சுவரில் ஒட்டுவதையும், அது விடுகிற நச்சு வேலை செய்வதையும் குறைத்தது. ஆக அப்பத்தாக்களின் கைவைத்தியத்துக்கு அடிப்படை இருக்கிறது.

ஆனால் வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்ப்பது உடம்பிலிருந்து போகிற நீரும் உப்பும்தான். போக்கு நின்றதா என்று பார்ப்பதைவிட, போனது திரும்ப உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆச்சி கஞ்சியை வலியுறுத்தியது அதனால்தான் எனக்குப் பிடித்தது. கடையில் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவை மாற்றக் கூடாது. பொட்டலம் வாங்கினாலும் அதில் ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று படித்துவிட்டுக் கலக்குங்கள். சின்னப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்கிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்குக் கஷாயமே வேண்டாம். மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், நாக்கு வறண்டு சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு போவது, இதில் எது தெரிந்தாலும் கொழுந்து பறிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்து சுகர். வாட்ஸ்அப் செய்திக்குப் பின்னால் துளி உண்மை இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் அப்பச்சி நம்மை நம்ப மாட்டார். ஜப்பானில் யாகுல்ட் நிறுவனம் விற்கிற கொய்யா இலைத் தேநீருக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் ஏறுவதை மட்டுப்படுத்த உதவும் என்று சொல்லிக்கொள்ள 2000-ம் ஆண்டில் அந்த அரசின் அனுமதி கிடைத்தது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதிகளின் வேகத்தை இலைச் சாறு குறைக்கிறது. அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டும். அங்கேயும் அதை உணவுப் பொருளாகத்தான் விற்கிறார்கள், மாத்திரைக்குப் பதிலாக இல்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு குடித்துவிட்டு மத்தியானம் பாயசத்தோடு சாப்பிட்டால் அந்த நொதிக் கணக்கே அடிபட்டுப் போகும்.

---

பள்ளத்தூர்_பையன்

ரொம்ப நன்றி. சித்தர் பாடல் வரி செய்தியில் இல்லவே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இதையெல்லாம் அச்செடுத்து ஊருக்கு எடுத்துப் போகிறேன், திரையில் காட்டினால் படிக்க மாட்டார்.

பழம் சாப்பிடலாமா? அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆத்தா பூட்டி வைக்காத குறைதான்.

---

செக்காலை_மருந்துக்கடை

தாராளமாக, ஒரு வேளைக்கு நடுத்தர அளவில் ஒன்று. பழுத்துக் குழைந்ததைவிடச் செங்காய் நல்லது. அப்படியே கடித்துச் சாப்பிட வேண்டும். சாறு பிழிந்து வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை மட்டும் தங்கும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் அதே எடைக்கு 50 சொச்சம்தான். ஒரு நாளைக்கு ஓர் ஆணுக்கு 80 மில்லிகிராம் போதும் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொல்லியிருக்கிறது. ஆக அரைப் பழமே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். இந்தச் சத்து தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அதிகம். சூடுபடுத்தினால் குறையும்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் பாதித்து, பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொய்யா வேண்டாம். பழைய சுகர்காரர்களுக்கு இது இருக்கக்கூடும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்திருக்கிறீர்களா?

---

பள்ளத்தூர்_பையன்

பார்த்தோம், சரியாக இருக்கிறது.

---

கோட்டையூர்_மருமகள்

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். நான் மாசமாக இருக்கிறேன். ரத்தம் கம்மி என்று இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாமியார் கொய்யாப்பழமே கூடாது, சளி பிடிக்கும் என்கிறார்கள். நாத்தனார் கொய்யா இலை டீ நல்லது என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

---

செக்காலை_மருந்துக்கடை

தங்கச்சி, பழம் சாப்பிடுங்கள், இலை டீ வேண்டாம். வைட்டமின் சி இருந்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு நாலு துண்டு கொய்யா அதற்கு வசதி. இலையிலுள்ள டானின் நேர் எதிராக இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை போடாதே என்று நர்ஸ் சொல்வதும் அதற்காகத்தான். அதோடு, கர்ப்ப காலத்தில் எந்த இலைக் கஷாயத்தையும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

சளி வைரஸால் வருகிறது, கொய்யாவால் அல்ல. மாமியாரிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்காமல், வெயில் நேரத்தில் நறுக்கிச் சாப்பிடுங்கள், அவர்களும் சமாதானமாகிவிடுவார்கள்.

---

கானாடுகாத்தான்_ஆச்சி

வடக்கே கொய்யாவைத் தணலில் சுட்டு இருமலுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கே சளி பிடிக்கும் என்று ஒளித்து வைக்கிறோம்! நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது தின்றேன் அம்மா, ஒன்றும் ஆகவில்லை.

---

ஊரணிக்கரை

கொட்டை தின்றால் சிறுநீரகத்தில் கல் வரும் என்பார்களே?

---

செக்காலை_மருந்துக்கடை

வராது. கொட்டை போகிற பாதை குடல், சிறுநீரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து ஏகத்துக்குத் தின்றால் கொட்டை திரண்டு மலவாயில் அடைத்துக்கொள்வது உண்டு, அழுது தீர்த்துவிடும். அவர்களுக்கு நடுவிலுள்ள கொட்டையை எடுத்துவிட்டு, ஓரச் சதையைக் கொடுங்கள்.

---

புதுவயல்_தோட்டம்

எல்லாரும் இலையைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த இலை எங்கே பறித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கொய்யா வைத்திருக்கிறேன். மாவுப்பூச்சிக்கும் தேயிலைக் கொசுவுக்கும் மருந்து அடிக்காமல் வியாபாரத் தோட்டம் நடத்துவது கஷ்டம். அடித்த கையோடு யாராவது கொழுந்து பறித்துக் கஷாயம் போட்டால் என்ன ஆகும்? சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிற இலையை வாங்காதீர்கள். மருந்தடிக்காத வீட்டு மரம் என்றால் மட்டும் பறியுங்கள். பள்ளத்தூர் தம்பி வீட்டு மரம் மாதிரி.

பழம் வாங்குவதற்கும் ஒரு வார்த்தை. இப்போது எங்கே பார்த்தாலும் தைவான் பிங்க் ரகம்தான். பார்க்க அழகு, சீக்கிரம் காய்க்கிறது, வியாபாரிக்குப் பிடிக்கிறது. உள்ளே சிவப்பாக இருப்பது லைக்கோபீன் என்ற நிறமியால், தக்காளியில் இருப்பதும் அதுதான். சத்து இருக்கட்டும், ருசிக்கு என் ஓட்டு லக்னோ 49-க்குத்தான். வெள்ளைச் சதை, கடித்தால் நறுக்கென்று இருக்கும். ஆயக்குடியிலிருந்து வருகிற காயும் நன்றாக இருக்கும். பழநி பக்கம் போனால் மலையடிவாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் வாங்கிப் பாருங்கள். மழைக்காலக் காய் நீர்த்துப்போயிருக்கும், புழுவும் இருக்கும். மழை விட்டுப் பனி இறங்கின பிறகு வருகிற காய்தான் காய்.

---

கானாடுகாத்தான்_ஆச்சி

வயிறு சரியாகி வாய்க்கு ருசி கேட்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் கொய்யாக்காய் மண்டி வைப்போம். மாங்காய் மண்டி மாதிரியேதான். செங்காயை நாலாக வகுந்து கொட்டையைச் சுரண்டிவிட வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டை உரித்து முழுதாகப் போட்டு, இரண்டு பச்சை மிளகாய் கீறி நல்லெண்ணெயில் வதக்கி, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். புளியைக் கொஞ்சமாகக் கரைத்து விடுங்கள். காய் குழையக் கூடாது, கரண்டியால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அதுதான் பக்குவம். வெல்லம் போடலாம். அப்பச்சிக்கு வைத்தால் போடாதீர்கள்.

---

பள்ளத்தூர்_பையன்

ஊருக்குப் போய் வந்தேன். சித்தர் பாடலைக் காட்டச் சொன்னதும் அப்பச்சி கொஞ்சம் இறங்கி வந்தார். ஜப்பான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது, "பார்த்தாயா, நான் சொன்னது சரிதான்" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டார்! கடைசியில் காரைக்குடியில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று கூட்டிப்போனேன். டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஆசைக்கு மத்தியானச் சாப்பாட்டோடு அரை டம்ளர் இலைத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம், வீட்டிலேயே கருவியில் சுகரைப் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள் என்றார். ஆத்தாதான் எழுதுகிறார்கள். மண்டியும் வைத்தார்கள், ஆச்சி. எனக்குப் பிடித்தது, அப்பச்சி உப்பு கம்மி என்றார்.

புதுவயல் அண்ணே, மரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். காய் நிறைய வைக்கிறது, ஆனால் பழுக்கும்போது பாதிக்கு மேல் புழு. வீட்டு மரம், இலையும் பறிக்கிறோம், அதனால் மருந்து அடிக்க முடியாது. என்ன செய்யலாம்?

---

புதுவயல்_தோட்டம்

அது பழ ஈ. காய் நிறம் மாறும் நேரத்தில் தோலில் துளைபோட்டு முட்டை வைத்துவிடும். கீழே விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மரத்தடியில் கிடந்தால் புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டி, அடுத்த ஈயாக வரும். மெத்தில் யூஜினால் வைத்த பொறி உழவர் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கிக் கிளையில் தொங்கவிடுங்கள். ஆண் ஈக்கள் வந்து விழும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பையோ, காகிதப் பையோ கட்டிவிட்டால் அணில், கிளிக்கும் சேர்த்துத் தப்பிக்கலாம். எட்டுகிற கிளைக்கு மட்டும் கட்டுங்கள், உச்சியில் இருப்பதை அணிலுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

அப்புறம், மரம் வயசானதா? காய்ப்பு முடிந்ததும் நீண்ட கிளைகளின் நுனியை வெட்டி விடுங்கள். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டினால் காயும் கூடும், உங்கள் ஆத்தாவுக்குக் கைக்கு எட்டுகிற உயரத்தில் கொழுந்தும் கிடைக்கும்.